அம்மாவுக்கு என்ன ஆச்சு?

கழற்றிப் போடும் உடுப்பை வைக்கப் பிள்ளைக்கென்று ஓர் இடம் இருக்கிறதா? அதன் வயதுக்கேற்ற புத்தகம் பத்தாவது வீட்டில் தேறுமா? சாப்பாடு, பாடம், தூக்கம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரு நேரம் உண்டா? பெரும்பாலான நாட்களில் ஒரு வேளையாவது பெற்றோரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறதா? பேச்சுவாக்கில் பிள்ளையைப் பற்றித் தாயோ தகப்பனோ பெருமையாக ஒரு வார்த்தை சொல்கிறார்களா?

டென்மார்க்கில் 2013 முதல் சில ஆண்டுகள், 500-க்கும் மேற்பட்ட ஏழு வயதுக் குழந்தைகளின் வீடுகளுக்கு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட கேள்விகளோடு போனார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் பெட்டி கால்டுவெல், ராபர்ட் பிராட்லி இருவரும் உருவாக்கிய கேள்விப் பட்டியல் அது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கானதில் 59 அம்சங்கள். சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சிலவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் குறிக்க முடியும். அதனால் பிள்ளையும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பெரியவர் பதில் சொல்கிறாரா, எரிந்து விழுகிறாரா என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தால்தான் தெரியும்.

மொத்த ஆய்வில் 522 குழந்தைகள். அவர்களில் 202 பேரின் பெற்றோரில் ஒருவருக்காவது மனச்சிதைவு, அதாவது டாக்டர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்று சொல்லும் நோய். 120 பேரின் பெற்றோருக்கு பைபோலார்: உச்சக்கட்ட உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் கோளாறு. ஒப்பிட்டுப் பார்க்க, இந்த நோய்கள் எதுவும் இல்லாத பெற்றோரின் பிள்ளைகள் 200 பேர். டென்மார்க்கில் ஒவ்வொருவருக்கும் பதிவு எண் உண்டு. மனநல சிகிச்சைக்கும் தேசிய அளவில் பதிவேடு உண்டு. அதனால் மருத்துவமனைக்கு வந்து போகிறவர்களோடு நின்றுவிடாமல், நாடெங்கும் உள்ள குடும்பங்களை அணுக முடிந்தது. கோபன்ஹேகனிலும் ஆர்ஹுஸிலும் இருந்து ஆனி தோருப், மெரேதே நோர்டென்டாஃப்ட், ஓலே மோர்ஸ் ஆகியோர் இதை நடத்தினார்கள்.

வீடுகளைப் பார்த்த முடிவு பலருடைய எண்ணத்துக்கு மாறானது. மனச்சிதைவு உள்ள பெற்றோரின் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருடைய வீடு, ஒரு குழந்தைக்குத் தேவையானதைத் தரும் நிலையில் இல்லை. நோயில்லாத குடும்பங்களோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். கவலைப்பட வேண்டிய அளவு. ஆனால் மீதி நான்கு பங்கு? அந்த வீடுகள் போதுமானவையாக இருந்தன. புத்தகம் இருந்தது, நேரத்துக்குச் சாப்பாடு இருந்தது, அன்பான பேச்சும் இருந்தது. பைபோலார் உள்ள குடும்பங்களில் நிலைமை இன்னும் மேல். பெற்றோரின் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் நோயின் பெயரை மட்டும் வைத்து அந்த வீட்டுக்குள் பிள்ளை எப்படி வாழ்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த ஒரு செய்தியை உறவினர்களும் ஆசிரியர்களும் ஏன் சில டாக்டர்களும்கூட மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அதற்காகப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. அதே ஆய்வில், ஏழு வயதுக்குள்ளாகவே ஏதாவது ஒரு மனநலக் கோளாறு வந்துபோயிருந்த பிள்ளைகள் மனச்சிதைவுக் குடும்பங்களில் 38.7 சதவீதம், பைபோலார் குடும்பங்களில் 35.6 சதவீதம், மற்றக் குடும்பங்களில் 15.2 சதவீதம். பதற்றம், கவனக்குறைவு, நடத்தைப் பிரச்சினை என்று பலவும் இதில் அடங்கும். மற்றக் குடும்பங்களைவிட இரு மடங்குக்கும் மேல். வளர்ந்த பிறகு? பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் வெளியான கணக்குப்படி, மனச்சிதைவு, பைபோலார், கடும் மனச்சோர்வு ஆகியவற்றில் ஒன்று உள்ள பெற்றோரின் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு இளமைப் பருவத்துக்குள் இவற்றில் ஏதோ ஒரு கடும் நோய் வருகிறது. மூன்றில் இருவருக்கு வருவதில்லை.

நோய் வீட்டுக்குள் என்னதான் செய்கிறது? சினிமா பார்த்துப் பழகிய நமக்கு மனச்சிதைவு என்றால் கத்தலும் பொருட்களை உடைப்பதும்தான் நினைவுக்கு வரும். பிள்ளையை அதிகம் வாட்டுவது பெரும்பாலும் சத்தமில்லாத பக்கம். முகத்தில் உணர்ச்சி காட்ட முடியாமல் போவது இந்த நோயின் குணங்களில் ஒன்று. எழுந்து ஒரு வேலையைத் தொடங்கும் உந்துதலும் வற்றிவிடும். பிள்ளை படம் வரைந்து கொண்டுவந்து நீட்டும். அம்மா பார்ப்பாள், முகம் மாறாது. மனதுக்குள் பாசம் இருக்கும். அது வெளியே வருவதற்கான வழி அடைபட்டிருக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

1970-களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு ட்ரோனிக் ஒரு பரிசோதனை செய்தார். கைக்குழந்தையைத் தாயின் எதிரில் உட்கார வைத்தார். தாய் வழக்கம்போல் கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு சில நிமிடம் முகத்தை அசைக்காமல் வெறுமனே பார்க்கச் சொல்கிறார்கள். குழந்தை முதலில் சிரிக்கிறது. கையை நீட்டுகிறது. எதையாவது சுட்டிக் காட்டுகிறது. கீச்சென்று கத்துகிறது. எதற்கும் பலனில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொய்ந்துபோகிறது. தாய் மறுபடி சிரித்துப் பேசினால் மெல்ல மெல்ல மீண்டு வருகிறது. இது சில நிமிடப் பரிசோதனை. கடும் மனச்சோர்விலோ மனச்சிதைவிலோ இந்த நிலை மாதக்கணக்கில் நீடிக்கலாம். அப்போது குழந்தையின் சிரிப்புக்குப் பதில் சிரிப்பு தர அதே வீட்டில் இன்னொரு முகம் இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. அப்பாவோ, பாட்டியோ, சித்தியோ, யாரோ ஒருவர். தனியாளாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு நோய் வந்து, கையில் காசும் இல்லாமல், நோயின் குறிகளும் தணியாமல் இருக்கும் வீடுகளில்தான் குறை மேல் குறையாகச் சேர்கிறது.

பிள்ளைமேல் சுமை ஏற மாத்திரையும் ஒரு காரணம். ராத்திரி போட்டுக்கொள்ளும் மாத்திரையின் மயக்கம் சிலருக்குக் காலை ஒன்பது மணி வரை தெளியாது. பிள்ளை தானே எழுந்து, முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டு, தம்பிக்கும் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கூடம் போகும். திரும்பி வந்ததும் அம்மா மாத்திரை போட்டாளா என்று அட்டையை எண்ணிப் பார்க்கும். ஊரார் 'எவ்வளவு பொறுப்பான பிள்ளை' என்று மெச்சுவார்கள். இங்கிலாந்து இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பராமரிப்பாளர்களாகவே கணக்கில் எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு என்ன உதவி தேவை என்று மதிப்பிடும் கடமையை 2014-ம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளாட்சிகளிடம் கொடுத்தது.

இங்கே ஒரு பழைய அநியாயத்தைச் சொல்லியாக வேண்டும். 1948-ல் மனநல மருத்துவர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன், பிள்ளையின் மனச்சிதைவுக்குத் தாயின் குணமே காரணம் என்ற பொருளில் எழுதினார். அந்தக் கருத்து மேலை நாடுகளில் பல ஆண்டுகள் கோலோச்சியது. எத்தனையோ தாய்மார்கள் தாங்கள் செய்யாத குற்றத்தைச் சுமந்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அதைத் தள்ளிவிட்டன. பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு என்று தெரியவந்தது.

ஆனால் பரம்பரை மட்டுமே எல்லாம் என்றும் ஆகவில்லை. பின்லாந்தில் பெக்கா டியனாரி, மனச்சிதைவு உள்ள தாய்க்குப் பிறந்து வேறு வீட்டில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். 2004-ல் வெளியான முடிவு இது: பரம்பரையில் நோய் இருந்தும் இணக்கமான வீட்டில் வளர்ந்தவர்களில் 5.8 சதவீதம் பேருக்குத்தான் மனச்சிதைவோ அதைச் சார்ந்த கோளாறோ வந்தது. சண்டையும் குழப்பமும் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர்களில் 36.8 சதவீதம் பேருக்கு வந்தது. பரம்பரையில் நோய் இல்லாதவர்களுக்கோ எந்த வீடானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது நல்ல வீடு யாருக்கு மிகவும் அவசியமோ, அவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். உதவி செய்ய வேண்டிய இடம் வீடு என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

அடுத்தது மௌனம். வீட்டில் ஏதோ நடக்கிறது; யாரும் வாய் திறப்பதில்லை. அம்மாவை ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். காலையில் கேட்டால் 'ஊருக்குப் போயிருக்கா, போய் விளையாடு' என்பார்கள். 'யார்கிட்டயும் சொல்லக் கூடாது' என்பதும் சேர்ந்துகொள்ளும். பதில் கிடைக்காத பிள்ளை தானே பதில் கண்டுபிடித்துக்கொள்கிறது. நேற்று நான் அடம்பிடித்ததால்தான் அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டது. எனக்கும் ஒருநாள் இப்படி ஆகும்.

அமெரிக்க மருத்துவர் வில்லியம் பியர்ட்ஸ்லீ 1988-ல், பெற்றோருக்கு மனநோய் இருந்த வீடுகளில் வளர்ந்தும் நன்றாகத் தலையெடுத்த இளைஞர்களிடம் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டார். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, என்ன நடக்கிறது என்ற தெளிவு. பெற்றோருக்கு இருப்பது நோய், அது தங்களால் வந்ததல்ல, அதைக் குணப்படுத்துவதும் தங்கள் வேலையல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வெளியிலும் அவர்களுக்கு ஆட்கள் இருந்தார்கள்.

பிள்ளையிடம் இதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு பாட்டி சொல்லலாம்: "அம்மாவுக்கு மூளையில ஒரு நோய் வந்திருக்கு கண்ணு. அதனாலதான் யாரோ பேசுற மாதிரி காதுல விழுது, பயப்படுறா. நீ ஒண்ணும் பண்ணலை. உன்மேல கோபமும் இல்லை. டாக்டர் பார்த்துக்கிட்டிருக்கார். அது வரைக்கும் நீ என்கூடத்தான் இருக்கப் போற." எதனால், யார் தப்பு, இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற மூன்று பயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. ஒரே தடவை சொன்னால் போதாது. பிள்ளை வளர வளரக் கேள்வியும் வளரும்.

லண்டனில் ஆலன் குக்ளின் என்ற மனநல மருத்துவர் 1999 முதல் இதற்காகவே குடும்பக் கூட்டங்கள் நடத்தினார். நோயுற்ற பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக வருவார்கள். பிள்ளைகள் நாடகம் போடுவார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பீட்சா சாப்பிடுவார்கள். தன் வீட்டைப்போல இன்னும் பல வீடுகள் இருக்கின்றன என்று பிள்ளை தெரிந்துகொள்வதே அங்கே பாதி மருந்து. நார்வே இன்னும் ஒரு படி மேலே போய் 2010-ல் சட்டமே கொண்டுவந்தது. சிகிச்சைக்கு வருபவருக்கு 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உண்டா, அவர்களுக்குத் தகவலும் உதவியும் வேண்டுமா என்று கவனிப்பது அங்கே மருத்துவப் பணியாளர்களின் கடமை. மருத்துவமனைகளில் இதற்கென்றே பொறுப்பாளர்களும் இருக்கிறார்கள்.

நம் பக்கம் பாட்டியும் பெரியம்மாவும் இருக்கிறார்கள் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். அது உண்மையும்கூட. அதே குடும்ப அமைப்புதான் 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்று நோயை மறைத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறது. விஷயம் தெரிந்ததும் தாய்வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறது. சென்னையில் உள்ள மனச்சிதைவு ஆய்வு அமைப்பான ஸ்கார்ஃபின் டாக்டர் ஆர். தாரா குழுவினர், மனச்சிதைவால் திருமணம் முறிந்த பெண்களைப் பற்றி 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதை விவரமாகக் காட்டியது. பெரும்பாலோருக்கு ஜீவனாம்சம் கிடையாது. வயதான பெற்றோரே அவர்களைத் தாங்குகிறார்கள். அந்தத் தாத்தா பாட்டிக்குப் பிறகு பேரப்பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பது அப்படிப்பட்ட ஒவ்வொரு வீட்டிலும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் கவலை.

நல்ல தொடக்கங்கள் இல்லாமல் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009-ல் தாயையும் கைக்குழந்தையையும் சேர்த்தே அனுமதிக்கும் தனி வார்டு தொடங்கினார்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதிப் பிரித்தாலும் 15 நாளைக்கு ஒரு முறை அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416-ல் நோயாளி மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களும் தமிழிலேயே பேசி யோசனை கேட்கலாம்.

வார்டுக்குள் இருக்கும் கைக்குழந்தைக்குச் சட்டம் துணை நிற்கிறது. வீட்டில் மாத்திரை அட்டையை எண்ணிக்கொண்டிருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு நார்வேயில் இருப்பது போன்ற கட்டாயம் இங்கே இன்னும் வரவில்லை. நோயாளிக்குப் பிள்ளைகள் எத்தனை, என்ன வயது, இப்போது யாரிடம் இருக்கிறார்கள் என்ற மூன்று கேள்வியை வெளிநோயாளி சீட்டில் சேர்க்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பதிலைக் குறித்துக்கொண்டு, ஒரு சமூகப் பணியாளரை அந்த வீட்டுக்கு ஒரு தடவை அனுப்பிவைப்பதை எந்த மனநலப் பிரிவும் அடுத்த வாரமே தொடங்கலாம்.