ஃபிளாஷ் படத்தில் பின்னணி ஏன் இருண்டுபோகிறது?

வீட்டு விருந்தில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் முன்வரிசை முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தும், பின்னால் நிற்பவர்கள் இருளில் மறைந்தும் போவதற்குக் காரணம் ஒளி பரவும் விதம்தான். சிறிய விளக்கிலிருந்து கிளம்பும் ஒளி, தூரம் இரட்டிக்கும்போது நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. 1 மீட்டரில் நிற்பவருக்குக் கிடைக்கும் ஒளியில் 16-இல் ஒரு பங்கே 4 மீட்டரில் நிற்பவரைச் சேரும். ஃபிளாஷின் வலுவைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த விகிதம் மாறாது; ஒளி வரும் வழியைத்தான் மாற்ற வேண்டும்.

தலை திரும்பக்கூடிய தனி ஃபிளாஷை வெள்ளை மேற்கூரையை நோக்கித் திருப்புவது எளிய வழி. ஒளி சுற்றி வருவதால் முன்னவருக்கும் பின்னவருக்குமான தூர வேறுபாடு சுருங்குகிறது. நிழலின் ஓரமும் மென்மையாகிறது. விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தக்குழாய்களில் பட்டு நேரே லென்ஸுக்குத் திரும்பும் ஒளியால் வரும் கண் சிவப்பும் மறைகிறது. கூரைக்கு வண்ணம் பூசியிருந்தால் அது முகத்திலும் ஏறிவிடும். மிக உயரமான மண்டபத்தில் இந்த முறை பயன் தராது.

புதியவர்கள் பெரும்பாலும் மறப்பது ஷட்டரை. ஃபிளாஷ் மின்னும் நேரம் மிகக் குறைவு. நடுத்தர வலுவில் சுமார் 1/1000 நொடி. எனவே ஷட்டர் 1/200 நொடி திறந்தாலும் 1/30 நொடி திறந்தாலும் முகத்தில் விழும் ஃபிளாஷ் ஒளி ஒன்றே. அறை விளக்குகளின் ஒளியோ 1/30-இல் ஆறு மடங்குக்கு மேல் சேர்கிறது. கேமராவின் ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவை 800 அல்லது 1600-க்கு உயர்த்தி, ஷட்டரை 1/60 அளவில் வைத்தால் அலங்கார விளக்குகளும் சுவர்களும் பின்னணியில் தெளிவாகத் தெரியும். ஆடுபவர்களை மட்டும் கவனிக்க வேண்டும்: அறையொளி மிகுந்தால் அவர்கள் அசைவு மங்கலாகப் பதியும்.