‘அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்கண்ணே’: மெடிக்கல் ஷாப் கூச்சம் எங்கே கொண்டுபோய் விடும்?

விருத்தாசலத்தில் ஒரு மாலை நேரம். செராமிக் சூளையில் வேலை முடிந்து வரும் இளைஞர் ஒருவர், மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முறை வந்ததும் ஒரே வரிதான்: "அண்ணே, அரிப்புக்கு ஒரு க்ரீம்." எங்கே அரிப்பு, எத்தனை நாளாக என்று அவரும் சொல்வதில்லை; கடைக்காரரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் இது சகஜம்.

இதில் என்ன சிக்கல்?

சூடு, வியர்வை, இறுக்கமான ஜீன்ஸ்: தொடை இடுக்கில் படர்தாமரை வர இது போதும். இது பூஞ்சைத் தொற்று. ஆனால், பலர் கைக்குப் போவது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். போட்ட சில நாளில் அரிப்பு அடங்கும்; பூஞ்சை அடங்காது. நிறுத்தியதும் இன்னும் அதிகமாகப் படரும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, வரி வரியாகத் தழும்பு விழலாம். ஒரே துண்டைப் பயன்படுத்தும் வீட்டாருக்கும் தொற்றும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை ‘ஷெட்யூல் எச்’ பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதாவது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2015-ம் ஆண்டின் பார்மசி பிராக்டிஸ் விதிமுறைகள்படி, சீட்டுடன் வருபவரிடம் மருந்தாளுநர் தானே பேச்சைத் தொடங்கி விளக்க வேண்டும்.

எப்படிப் பேசலாம்?

* கவுன்ட்டரின் ஓரத்துக்கு அழைத்து, குரலைத் தாழ்த்தினாலே பாதிக் கூச்சம் போய்விடும்.
* "எங்கே?" என்பதைவிட, "வியர்க்கிற இடமா தம்பி?" என்று கேட்கலாம். தலையாட்டினால் போதும்.
* "வெயில் காலத்துல நிறைய பேருக்கு வர்றதுதான்" என்று சொல்லிவிட்டு, "இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?" என்று கேட்க வேண்டும். முக்கியமான கேள்வி இதுதான்.
* பெண் ஊழியர் இருந்தால், பெண்களிடம் அவர் பேசுவது நல்லது.

வாங்குபவர் என்ன செய்யலாம்?

வாயால் சொல்லத் தயக்கமா? போனில் டைப் செய்து காட்டலாம். ஏற்கெனவே போட்ட க்ரீமின் ட்யூபையும் எடுத்துப் போகலாம். பரவினாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ நேராக டாக்டரிடம் போவதே சரி. அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் கிடையாது.

கடையில் கூச்சம் ஒரு நிமிஷம்தான். தப்பான க்ரீம் தரும் தொல்லை மாதக்கணக்கில் நிற்கும்.