தார் ஜீப்புக்கு பீட்லாக் வீல் தேவையா? திண்டிவனம் - விழுப்புரம் ரோட்டுக்கு எது சரி?

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் விழுப்புரம் அருகே அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே தண்ணீருக்குள் போனது. அதைப் பார்த்த ஜீப் பிரியர்களுக்கு, 'எந்தச் சேத்துலயும் போற வீல் போடணும்' என்று தோன்றினால் ஆச்சரியமில்லை. ஆனால் அதற்கு பீட்லாக் பதில் இல்லை.

பீட்லாக்னா என்ன?

ரிம்மில் உட்காரும் டயர் விளிம்புதான் பீட். சாதாரண வீலில் அதை அழுத்திப் பிடிப்பது உள்ளே இருக்கும் காத்து. மணலில் காத்தை இறக்கினால் டயர் பரவும், வண்டி எளிதில் புதையாது. 15 பிஎஸ்ஐ-க்கும் கீழே இறக்கினால், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். அதைத் தடுக்கத்தான் பீட்டின் மேல் வளையம் வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். இன்ஜினுக்குள் வெள்ளம் ஏறுவதை எந்த வீலும் தடுக்காது. வெறும் லுக்குக்கு போல்ட் வைத்த வீல்களும் கிடைக்கின்றன. அவை எதையும் பிடிக்காது!

சிக்கல் எங்கே?

பீட்லாக் வீல் எடை கூடுதல், போல்ட்டுகளை அடிக்கடி சரிபார்க்கணும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்போ எது வாங்கலாம்?

தினமும் நாலுவழிச் சாலை, எப்போதாவது ஏரிக்கரை, மரக்காணம் பக்கம் மணல் என்றால், கம்பெனி சொன்ன சைஸில் 'ஆல் டெரைன்' டயர் போதும். கூடவே காத்து பம்ப், பிரஷர் கேஜ். மணலில் 18-20 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். ஹைவே ஏறும் முன் பழையபடி ஏற்றிவிடுங்கள். குறைந்த காத்தில் வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கலாம்.