கிணறு எந்தப் பக்கம்?

பவானி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிற்கு நாம் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது, எழுபதைக் கடந்த அங்கத்தினர் அம்மையார் ஒருவர், தாம் எழுதுவித்த உயிலைக் கொணர்ந்து நம் முன் வைத்தார். கணக்குப் பார்க்க வந்தவருக்கு இது வேலையன்று எனச் செயலாளர் முணுமுணுத்தார், ஆயினும் வாசித்தோம்.

மஞ்சள் விளையும் மூன்று ஏக்கரில் கீழ்ப்பாதி மூத்த மகனுக்கு, மேற்பாதி இளையவனுக்கு; வீடும், கணவர் நெய்த ஜமக்காளத் தறியும் இளையவனுக்கு; ஐந்து பவுன் சங்கிலி மகளுக்கு. நாம் கேட்டது ஒன்றே: "கிணறு எந்தப் பக்கம், அம்மா?"

"மேக்கால தானுங்க, தம்பி."

சொல்லி முடிக்குமுன் அவருக்கே விளங்கிவிட்டது. கிணறும் மோட்டாரும் மேற்பாதியில்; கீழ்ப்பாதி இனி வானம் பார்த்த பூமி. உடன்பிறந்தோர் நீதிமன்றம் ஏறுவது, நாம் கண்டவரை, நிலத்தின் அளவுக்காக அன்று. தண்ணீர் முறைக்காகவும் வண்டித்தடத்திற்காகவுமே. ஆதலின் கிணற்றில் இருவருக்கும் சரிபாதி உரிமை, முறைநாள், வாய்க்கால் செல்லும் வழி, தடத்தின் அகலம், மோட்டார் பழுதானால் செலவு யாருடையது என்பன யாவற்றையும் புல எண்ணோடும் நான்கெல்லையோடும் எழுதச் சொன்னோம்.

சங்கிலியோ நம் சங்கத்திலேயே நகைக்கடனுக்கு ஈடாக இருந்தது! கடனைத் தீர்ப்பவர் யார் என்று உயிலில் ஒரு சொல்லும் இல்லை.

"மகளுக்கு நிலம் இல்லையா?" என்றோம். சீர் செய்தாயிற்றே என்றார். நிலம் அவருடைய தாய்வழி வந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அவருக்கு முழு உரிமையானது, விரும்பியவருக்கு எழுதலாம். எழுதாமலே மறைந்தால், கணவர் இல்லாத நிலையில், மூன்று மக்களுக்கும் சம பங்கு. உயிலே இல்லாதிருந்தால் மகளுக்கு ஓர் ஏக்கர் வரும்; இந்தத் தாள்தான் அதை நீக்குகிறது. இதைச் சொன்னதும் அம்மையார் வெகுநேரம் பேசவில்லை.

பிறகு, சங்கத்தில் இளையவனை நியமித்திருப்பது போதாதா என்றார். நியமனம் சங்கத்திலுள்ள தொகையை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கே. நிலத்தையும் வீட்டையும் அது தொடாது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டா. பதிவும் கட்டாயமன்று, எனினும் சார்பதிவாளரிடம் பதிந்துகொள்வது நன்று. இரு சாட்சிகள் இன்றியமையாதவர். எழுதுபவர் ஒப்பமிடக் கண்டு, அவர் முன்னிலையில் தாமும் ஒப்பமிட வேண்டும். இவர் தாளில் சாட்சி ஒருவரே. அவரும் மூத்த மகன்! பங்கு பெறுபவரே சாட்சியானால் பின்னாளில் ஐயத்திற்கு இடமாகும் என்றோம். உயிரோடுள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம் என்றதும் அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

தணிக்கை முடியும் நாளில் புதிய தாளுடன் வந்தார். கிணறும் தடமும் எழுதப்பட்டிருந்தன. பிள்ளைகள் இருவர் பங்கிலும் கால் கால் ஏக்கர் குறைத்து, மகளுக்கு அரை ஏக்கர், தண்ணீர் முறையோடு. சங்கிலியைப் பிள்ளைகள் இருவரும் மீட்டுத் தர வேண்டும்.

கறவை மாடு மட்டும் விடுபட்டிருந்தது. சுட்டிக்காட்டினோம்.

"அது எனக்குங்க, தம்பி" என்றார்.