பெரிய சாலைக்குப் பின்னால் ஒரு தெரு
கடைவீதி உலா – 9

சென்ற வாரம் பிரான்சின் தென்கரையான ரிவியேராவில் இருந்தோம். கான் நகரத்துக் கடலோரச் சாலையான லா க்ருவாஸெத்தில் கைப்பைகளின் விலையைப் பார்த்தோம், பெருமூச்சு விட்டோம். உள்ளூர்க்காரர்கள் சாமான் வாங்க அந்தச் சாலைக்கு வருவதில்லை. இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளி ரூ மெனாதியே என்ற ஒடுங்கிய தெரு இருக்கிறது. அதைத் தாண்டினால் ஃபோர்வில் சந்தை. பாலாடைக்கட்டியும் ஒலிவ எண்ணெயும் அங்கேதான் வாங்குகிறார்கள். நீஸ் நகரத்திலும் இதே கதைதான். கடலைப் பார்த்த விடுதிகளுக்குப் பின்னால் கூர் சலேயா என்ற பூச்சந்தை. திங்கட்கிழமை மட்டும் பூக்கடைகள் ஒதுங்கிக்கொள்ள, பழம்பொருள் வியாபாரிகள் கடை விரிப்பார்கள்.

பகட்டான கடற்கரைக்கெல்லாம் இது பொருந்தும்: முன்சாலை வேடிக்கைக்கு, பின்தெரு வியாபாரத்துக்கு. நம் கோலாலம்பூரில் கடல் இல்லை. ஆனால் அப்படியொரு முன்சாலை உண்டு. அதுதான் ஜாலான் அம்பாங்.

1857இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா ஈயம் தேட அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் ஏறி வந்தார்கள். கோம்பாக் ஆறு வந்து கூடும் இடத்தில் இறங்கி, காட்டுக்குள் அம்பாங் நோக்கி நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் பெரும்பாலோரை மலேரியா கொண்டுபோனது. ராஜா மறுபடியும் ஆள் அனுப்பினார். 1859இல் ஈயம் வெளியூருக்குப் போகத் தொடங்கியது. படகுத்துறைக்கும் ஈயச் சுரங்கமான லம்பத்துக்கும் இடையே மனிதர்கள் நடந்த வழியில்தான் ஊர் வளர்ந்தது. லம்பத்துக்கு அரிசியும் உப்பும் விற்ற கடைகளைச் சுற்றி எழுந்த ஊர் இது. கோலாலம்பூர் மளிகைக் கடையாகப் பிறந்தது என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

லம்பத்தில் கிடைத்த பணம் ஜாலான் அம்பாங்கில் மாளிகையாக நின்றது. யூ தோங் சென் என்ற ஈயச் செல்வரின் 1935ஆம் ஆண்டு மாளிகைதான் இன்று மாத்திக் எனப்படும் சுற்றுலா மையம். சைக்கிள் அண்டு கேரியேஜ் நிறுவனத்தைத் தொடங்கிய சுவா செங் போக் 1929இல் கட்டி முடித்த போக் ஹவுஸ் அதைவிடப் பேர்பெற்றது. 1958 முதல் 2001 வரை அதற்குள் ‘லெ கோக் தோர்’ என்ற பிரெஞ்சு உணவகம் நடந்தது. கோலாலம்பூர்ப் பெரிய மனிதர்கள் ரிவியேரா கனவு காண அந்த இடம் போதுமானதாக இருந்தது. 2006 டிசம்பரில் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். மரபுக் கட்டடங்களைக் காப்பாற்றத் தெரியாத ஊர் என்ற பெயர் நமக்குச் சும்மா வரவில்லை.

இந்தச் சாலையில் எனக்குப் பிடித்த அங்காடியும் இன்று இல்லை. 1973இல் திறந்த அம்பாங் பார்க், நாட்டின் முதல் பேரங்காடி என்று பெயர் எடுத்தது. தையற்கடை, நகைக்கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, பாஜு கூரோங் தைக்கும் கடை என்று சின்னச் சின்னதாக அடுக்கியிருக்கும். பளிங்குத் தரை, பெரிய விளக்கு எதுவும் கிடையாது. அதன் சூட்சுமம் வேறு இடத்தில் இருந்தது. கடைகள் தனித்தனி ஆட்களுக்குச் சொந்தம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பல நேரம் முதலாளியாகவே இருப்பார். “கொஞ்சம் பார்த்துப் போடுங்க” என்றால், போடவோ மறுக்கவோ அவருக்கு அதிகாரம் உண்டு. இன்றைய பேரங்காடி அப்படியில்லை. கட்டடம் முழுக்க ஒரே நிறுவனத்தின் கையில். கடைகளெல்லாம் வாடகைக்கு. பில் போடும் பெண்பிள்ளை ஒரு ரிங்கிட் குறைக்க நினைத்தாலும் கணினி விடாது. பேரம் செத்தது வியாபாரிகளின் குணம் மாறியதால் அல்ல, கட்டடத்தின் உரிமை மாறியதால்.

எம்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்காக அம்பாங் பார்க்கைக் கையகப்படுத்தினார்கள். கடை உரிமையாளர்களில் ஒரு பகுதியினர் நீதிமன்றப் படி ஏறினார்கள், தோற்றார்கள். 2017 டிசம்பர் 31 கடைசி நாள். இப்போது அங்கே இறங்கினால் நிலையத்தின் பெயர்ப் பலகையில் மட்டும் ‘அம்பாங் பார்க்’ இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அம்பாங் பார்க் நிலையம் வேறு, அம்பாங் நிலையம் வேறு, அம்பாங் பாயிண்ட் பேரங்காடி வேறு. டாக்சிக்காரரிடம் வெறுமனே “அம்பாங்” என்றால் அவர் எங்கே கொண்டுபோய் விட்டாலும் குற்றம் சொல்ல முடியாது. அம்பாங் பாயிண்ட் பக்கம் போகக் கொரிய மளிகையும் கொரியச் சாப்பாடும் ஒரு காரணம். யோங் தாவ் ஃபூ இன்னொரு காரணம். மற்றபடி அது குடியிருப்பவர்களின் அங்காடி, ஊர் சுற்ற வந்தவர் மெனக்கெட்டுப் போக வேண்டியதில்லை.

சாலையின் நடு நாயகம் சூரியா கே.எல்.சி.சி. பழைய குதிரைப் பந்தயத் திடல் இருந்த இடத்தில் 452 மீட்டர் இரட்டைக் கோபுரம் எழுந்தது. அதன் காலடியில் 1998இல் இந்த அங்காடி திறந்தது. நம் க்ருவாஸெத் இதுதான். போங்கள், குளிர்ந்த காற்றில் நடங்கள், கினோகுனியா புத்தகக் கடையில் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். உலகம் முழுக்க விற்கும் கைப்பையை இங்கே வாங்குவதில் என்ன லாபம் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வரிக் கணக்கையும் சேர்த்துக்கொண்டால் லாபம் இன்னும் குறையும். பிரான்சில் 100 யூரோவுக்கு மேலும் இத்தாலியில் 70 யூரோவுக்கு மேலும் ஒரே கடையில் வாங்கும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவருக்கு மதிப்புக் கூட்டு வரியில் ஒரு பகுதி விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும். மலேசியாவில் சுற்றுலாப் பயணிக்கு ஜி.எஸ்.டி.யைத் திருப்பித் தரும் ஏற்பாடு இருந்தது. 2018இல் அந்த வரி போனது, ஏற்பாடும் கூடவே போனது. பழைய பயணக் கையேட்டைப் படித்துவிட்டு ரசீதோடு விமான நிலையத்தில் வரிசை தேடாதீர்கள்.

இந்த மண்ணுக்கே உரிய பொருள் வேண்டுமென்றால் பியூட்டர் பாத்திரம் வாங்கலாம். வெள்ளீயத்தில் கொஞ்சம் செம்பும் அஞ்சனமும் சேர்ந்த உலோகம் அது. 1885இல் சீனாவிலிருந்து வந்த யோங் கூன் என்ற கைவினைஞர் தொடங்கிய பட்டறைதான் இன்றைய ராயல் சிலாங்கூர். செத்தாப்பாக்கில் அவர்கள் பட்டறையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். கல்யாணப் பரிசுக்கு ஒரு தட்டோ குவளையோ வாங்கினால் தலைமுறைக்கு நிற்கும்.

இனி பின்தெரு. ஜாலான் அம்பாங் நகருக்குள் நுழையும் முனையில் லெபோ அம்பாங் என்ற குட்டைத் தெரு இருக்கிறது. மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து, தரையில் பெட்டியடி போட்டு உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதிய தெரு அது. லம்பம் தோண்டவும் ரப்பர் நடவும் கடன் புறப்பட்டது இங்கிருந்துதான். மேல்மாடிச் சுவரில் மயில் சிற்பம் வைத்த பழைய கட்டடம் ஒன்று இன்னும் நிற்கிறது. ஜாலான் அம்பாங் மாளிகைகளை ஆயிரம் படம் எடுப்பவர்கள், அவற்றுக்குப் பணம் கொடுத்த தெருவில் ஒரு படமும் எடுப்பதில்லை.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஜாலான் மஸ்ஜித் இந்தியா. சேலை, சுடிதார், பாஜு மெலாயு, தொழுகைப் பாய், மல்லிகைச் சரம், சூரத்துத் துணி எல்லாம் ஒரே மூச்சில் கிடைக்கும். கடைகளின் முன் நடைபாதையான அஞ்சடியில் நடந்தால் போதும், அழைப்பு தானே வரும்.

“வாங்கக்கா, உள்ளே வந்து பாருங்க. பாக்கறதுக்குக் காசா?”

“கடைசி விலை சொல்லுங்கண்ணே.”

“நம்ம ஆளு நீங்க. உங்களுக்காகத்தான் இந்த விலை.”

இந்த மூன்றாவது வரியை எல்லோரிடமும் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். ஆனால் அந்த வரி வந்துவிட்டால் விலை இறங்கத் தயார் என்று அர்த்தம். நாலு கடை ஏறி இறங்கிய பிறகு வாங்குங்கள். இரண்டு மூன்று உருப்படி சேர்த்து எடுத்தால் தனித்தனியாகக் கேட்பதைவிட நன்றாகக் குறையும். சனிக்கிழமை மாலையில் பக்கத்து லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை கூடும். இந்த வட்டாரத்துக்கு ஒரு துயரமும் உண்டு. 2024 ஆகஸ்ட் 23 அன்று நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் உள்ளே விழுந்தார். ஒரு வாரத்துக்கு மேல் தேடியும் கிடைக்கவில்லை. அதன் பிறகு பல வாரங்கள் கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள்.

போலிச் சரக்கு பற்றி ஒரு வார்த்தை. பெட்டாலிங் தெருவில் பிரபலக் கைப்பைகளின் நகல்கள் தொங்குகின்றன. வாங்குவது தப்பில்லை என்று நினைப்பவர்கள், ஐரோப்பாவில் அதை மாட்டிக்கொண்டு திரிய வேண்டாம். இத்தாலியில் போலிச் சரக்கு வாங்கியவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டம் இருக்கிறது. பிரெஞ்சு எல்லையை ஒட்டிய வெந்திமில்லியா வெள்ளிக்கிழமைச் சந்தை இந்த விஷயத்தில் பேர்போனது.

மீண்டும் கோலாலம்பூருக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸ் 2010இல் அன்றைய மலேசிய, இந்தியப் பிரதமர்கள் திறந்து வைத்த லிட்டில் இந்தியா. பூமாலை, பூசைச் சாமான், தாம்பூலப் பை வாங்க வசதியான இடம், கே.எல். சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரம். சேலைக்கும் நகைக்கும் என் ஓட்டு கிள்ளானுக்கு. ஜாலான் தெங்கு கிளானாவில் கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்பதால் போட்டியும் அதிகம். 916 தங்கம் வாங்கும்போது அன்றைய கிராம் விலையைத் தனியாகவும் கூலியைத் தனியாகவும் கேளுங்கள். குறைக்கச் சொல்ல வேண்டியது கூலியை, தங்கத்தின் விலையை அல்ல. தீபாவளிச் சாமானுக்குப் போகிறவர்கள் மூன்று வாரம் முன்னதாகவே போய்விடுங்கள். கடைசி வாரத்தில் அந்தத் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் கிள்ளான் நிலையத்தில் இறங்கிக் கடைவரை நடந்தே போகலாம்.

(தொடரும்)