மாலைக்குள் ஒரு மாலை

சிங்கப்பூரின் தேக்காவில் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை வாங்கினேன். தட்டில் உதிர்ந்து கிடந்த நாலைந்து இழைகளையும் பூக்கடை அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆங் மோ கியோவில் உள்ள வீட்டுக்கு ரயிலில் ஓடிவந்தேன். வேறெதற்கு? புல்லின் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கத்தான்!

சாப்பாட்டு மேசையில் எல்லாம் தயார். அருகம்புல், கோப்பையில் ஒரு வாரமாக வளர்த்த கோதுமை நாற்று, புது பிளேடு, சின்ன நுண்ணோக்கி, ஒரு கேரட். கேரட்டைப் பிளந்து நடுவே இலையைச் செருகி, கேரட்டோடு சேர்த்துக் கண்ணாடித்தாள் மாதிரி சீவ வேண்டும். ஏழெட்டு முறை தடிமனாகவே வந்தது. ஒன்பதாவது சீவல், ஆஹா!

முதலில் கோதுமை. நரம்புகள் தள்ளித் தள்ளி நிற்க, இடையில் பச்சைச் செல்கள் நிறைந்திருந்தன. அழகுதான். அடுத்து அருகம்புல்லை வைத்ததும் கத்தியேவிட்டேன். ஒவ்வொரு நரம்பையும் சுற்றிக் கரும்பச்சை வளையம்! இரண்டு நரம்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று செல்கள்தான். 1880களில் இதைப் பார்த்த ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹாபர்லாண்ட் 'கிரான்ஸ்' என்றார். ஜெர்மன் மொழியில் அதற்கு மாலை என்று பொருள். பிள்ளையாருக்குப் போடும் மாலையின் ஒவ்வொரு இழைக்குள்ளும் வரிசையாக மாலைகள்!

இந்த வளையம் செய்யும் வேலை இன்னும் பிரமாதம். கரியமிலவாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, வெயில் ஏறினால் தடுமாறி ஆக்சிஜனையும் பிடித்துவிடும். செய்த உழைப்பில் ஒரு பங்கு வீண். கோதுமைக்கும் நெல்லுக்கும் மூங்கிலுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அருகு, கரும்பு, சோளத்தில் வெளிச்செல்கள் வேறொரு நொதியால் கரியமிலவாயுவைப் பிடித்து வளையத்துக்குள் தள்ளி நெருக்குகின்றன. உள்ளே ரூபிஸ்கோ தடுமாற இடமே இல்லை. இலைத்துளைகளைக் குறுக்கியே வைத்துக்கொள்ளலாம், தண்ணீர் மிச்சம். இதற்கு சி4 என்று பெயர். 1966இல் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் பிரிஸ்பேனில் கரும்பை வைத்து இதை விளக்கினார்கள்.

அப்படியென்றால் சி4 புல் எல்லாமே வறட்சிக்கு அஞ்சாதவையா? அதுதான் இல்லை! 2014 பிப்ரவரி நினைவிருக்கிறதா? 1869க்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட மிக வறண்ட மாதம். புளோக்குகளைச் சுற்றியிருந்த புல்தரையெல்லாம் வைக்கோல் நிறமானது. அங்கே பரவலாக வளர்க்கும் கவ் கிராஸும் சி4தான். ஆனால் அதன் இலை அகலம், மென்மை. ஈரமும் லேசான நிழலும் அதற்குப் பிடிக்கும். அருகுக்கோ இலை ஊசிபோல் ஒல்லி, காற்றில் சட்டென்று சூடு தணியும். மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு ஓடும். சி4லேயே உட்பிரிவுகள் உண்டு. அருகின் பிரிவைச் சேர்ந்த புற்கள் மழை குறைவான பகுதிகளில் மிகுதியாக இருப்பவை. அருகுபோல் வேரோட வேண்டும் என்று வாழ்த்திய நம் பாட்டிகள் சரியான புல்லைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் பார்த்தேன். அருகின் மேற்புறத்தில், விசிறி விரித்த மாதிரி பெரிய நிறமற்ற செல்கள், தண்ணீர் நிரம்பிய பைகள் போல. இவை வற்றும்போதுதான் புல் இலை உள்நோக்கிச் சுருள்கிறது. உடனே தாழ்வாரத்துக்கு ஓடினேன். நான்கு நாளாக நீர் ஊற்றாத செரை (எலுமிச்சைப் புல்) தொட்டி. இலைகளெல்லாம் குழல்போல் மடங்கியிருந்தன. மன்னிப்புக் கேட்டு ஒரு குவளை ஊற்றினேன். சாயங்காலம் வந்து பார்த்தால், ஓர் இலை பாதி விரிந்திருந்தது.