தொப்பையில் ஒளிந்திருக்கும் எலும்பு

வேங்கிக்கால் வழியாகப் போகும் வேலூர் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்தவருக்குப் பெரும்பாலும் மாவுக்கட்டோ பிளேட்டோ போதும். எலும்பு தானே கூடிவிடும். எலும்பு நொறுங்கி இடையில் ஒரு துண்டே இல்லாமல் போனால்தான் சிக்கல். அப்போது இடுப்பெலும்பைக் கொஞ்சம் செதுக்கியெடுத்து இடைவெளியை நிரப்புவது இன்றும் நம்பகமான வழி. ஆனால் நன்றாக இருக்கும் இடுப்பையும் புண்ணாக்க வேண்டும், கிடைப்பதும் கொஞ்சம்தான். மருத்துவர்கள் வயிற்றுக் கொழுப்பைத் தேடிப் போவது இந்தத் தட்டுப்பாட்டால்தான், கொழுப்பில் ஏதோ மந்திரம் இருப்பதால் அல்ல.

லைபோசக்‌ஷனில் உறிஞ்சிக் குப்பையில் கொட்டும் கொழுப்பில், எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறக்கூடிய செல்கள் இருப்பதை 2001இல் கலிஃபோர்னியாவில் பட்ரீசியா ஸுக் குழுவினர் காட்டினார்கள். கொழுப்பைக் கழுவி, கொலாஜினேஸ் என்ற நொதியில் ஊறவைத்துச் சுழற்றினால் கொழுப்புச் செல்கள் மேலே மிதக்கும். அடியில் சிவப்பாகப் படியும் வண்டலில், அப்படி மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் ரத்தக்குழாய்ச் செல்களோடு கலந்து கிடக்கும். எலும்பு மஜ்ஜையிலும் இந்த ஸ்டெம் செல்கள் உண்டு. ஆனால் பல்லாயிரத்தில் ஒன்றாக இருப்பதால் ஆய்வகத்தில் வாரக்கணக்கில் பெருக்க வேண்டும். கொழுப்பில் பல மடங்கு அதிகம் என்பதால், எடுத்த அன்றே உடம்பில் வைத்துவிடலாம்.

மஜ்ஜையின் ஸ்டெம் செல் அளவுக்குக் கொழுப்பின் ஸ்டெம் செல் எலும்பாக முனைவதில்லை என்பார்கள். உண்மைதான். இருந்தாலும் 2004இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், மண்டையோடு சிதைந்த 7 வயதுச் சிறுமிக்குக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை வைத்தபின், மூன்றே மாதத்தில் ஓடு ஏறக்குறைய மூடியது. ஆனால் கூடவே இடுப்பெலும்புத் துகளும் இருந்ததால், பெருமை யாருக்கு என்று பிரிக்க முடியாது. அந்தச் சந்தேகத்தைக் குறைத்தது 2016இல் வந்த பாசல் நகர ஆய்வு. மேற்கை எலும்பு தோளருகே முறிந்த 8 முதியவர்களுக்குச் செராமிக் துகளோடு இந்த வண்டலை வைத்தார்கள். பிறகு எடுத்த திசுவில், பழைய எலும்பைத் தொடாமல், துகள்களுக்கு நடுவே சிறு தீவுகளாகப் புது எலும்பு இருந்தது. பக்கத்து எலும்பு வளர்ந்து வந்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது. அதற்காக, பிளேட் மட்டும் வைத்தவரைவிட இவர்களுக்குச் சீக்கிரம் கூடியது என்றும் சொல்ல முடியாது. 8 பேரை வைத்து அதை அளக்க இயலாது.

‘என் கொழுப்பு, என் உடம்பு, நடுவில் விதி எதற்கு?’ என்று கேட்கலாம். நொதியில் ஊறி வெளியே பதப்பட்ட செல், எடுத்தபடியே திரும்ப வைக்கும் திசு அல்ல. கிருமி கலந்ததா, எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று யாராவது பார்த்தாக வேண்டும். ரத்த நோய் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர மற்றவற்றை, அனுமதி பெற்ற ஆய்வாகவே செய்ய வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல். முதலில் சொன்ன சாலையின் மறுமுனையில், வேலூர் சிஎம்சி வளாகத்தில் இருக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் இந்த விதிக்கு உட்பட்டதே. ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. லட்சத்தில் பேக்கேஜ் பேசும் இடத்தில் முதலில் கேட்க வேண்டியது அந்த ஆய்வின் பதிவு எண்ணை.